நாலு கியரும் நடு இடமும்

“...அது சரி தம்பி, நாலு கியரு வரட்டும், நல்லாவே வரட்டும். நான் காலை எங்கிட்டு வைக்கிறது?”

கேட்டது என் மதினி, அண்ணன் மனைவி. அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டை ஒட்டி இருந்த மெக்கானிக் பட்டறையில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் பிக்கப் வண்டியின் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே தரைத் தகட்டில் சாக்பீஸால் போட்டிருந்த ஒரு வட்டத்தைப் பார்த்தபடி கேட்டார். அந்த வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகப் புது கியர் கம்பியை மேலே கொண்டுவருவது என்று ஏற்பாடு. அண்ணனும் நானும் பட்டறைக்கார பாயும் வட்டத்தைப் பார்த்தோம். ஒரு வாரத்துக்கு மேலாக அந்தக் கியரைப் பற்றிப் பேசிப் பேசித் தொண்டை வற்றியிருந்தோம். இந்த ஒரு கேள்வி மட்டும் பேச்சில் வரவே இல்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடந்தது எண்பதுகளின் பின்பாதியில். வண்டிக்கு என்னைவிட வயசு கூட. அமெரிக்காவில் செய்தது. ஏதோ மலைத் தோட்டத்தில் ஓடி, பலர் கைமாறி, மதுரைப் புரோக்கர் ஒருவர் மூலமாக எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. உருண்டை மூக்கு, பிதுங்கிய ரெண்டு விளக்கு. போகிற ஊரிலெல்லாம் ‘முட்டக்கண்ணி வருது’ என்பார்கள். எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டியிருந்தார். கியர் பெட்டி மட்டும் பிறந்தபோது இருந்ததேதான். மூணே கியர். கியர் கம்பி தரையில் நிற்காது. ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டில், ஓட்டுகிறவர் இடது கைக்கு எட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஹேண்டில் கியர் என்போம். அதனால் முன்பக்கத் தரை பெருக்கி விட்ட களம் மாதிரி காலியாகக் கிடக்கும். சீட்டும் ஒரே நீளப் பெஞ்சுதான். மூணு பேர் தாராளமாக உட்காரலாம்.

அப்படித்தான் உட்கார்ந்து போனோம். ஓட்டுவது நான். இடது கதவோரம் அண்ணன். அவருக்கு லோடு லாரியிலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. காலை நீட்டித்தான் உட்கார முடியும், நீட்ட அந்த மூலைதான் வசதி. ஆகவே நடுவில் மதினி. எனக்கும் அவருக்கும் இடையில் அவருடைய துணிப்பை இருக்கும். பையில் சாமான் குறைவாக இருக்கும் நாட்களில் ஒரு துண்டைச் சுருட்டி உள்ளே திணித்து அதைக் கொஞ்சம் பெரிசாக்கிக்கொள்வார். இந்த மரியாதையை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பை இருந்ததால்தான் மதினியும் கொழுந்தனும் நாள் முழுக்க ஒரே சீட்டில் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டு போக முடிந்தது.

எங்கள் தொழில் கொத்தமல்லி, மிளகாய் வத்தல், பருத்தி வாங்கி விற்பது. திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி வரைக்கும் உள்ள ஊர்களில் வாங்கி, அருப்புக்கோட்டை கமிஷன் கடைகளில் போடுவோம். நிறைய வெள்ளாமை வைக்கிற பெரிய சம்சாரிகள் அவர்களே வண்டி பிடித்து டவுனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எங்களுக்கு வந்ததெல்லாம் சின்னச் சின்ன உருப்படி. அதிலும் பாதிக்கு மேல் பெண்களின் சிறுவாடு. காட்டு வேலைக்குப் போகிற பெண் தன் பங்குக்கு ஒதுக்கி வைத்த பருத்தி, குதிருக்குப் பின்னால் மறைத்து வைத்த ரெண்டு மரக்கால் மல்லி, புருஷனுக்குத் தெரியாமல் காயவைத்த வத்தல். இதெல்லாம் வாசல் வழியாக வெளியே வராது. அண்ணன் போய் வாசலில் நின்று கேட்டால், வீட்டுக்காரியே வெளியில் வந்து, “வீட்டுல யாரும் இல்லண்ணே” என்று சொல்லி அனுப்பிவிடுவார். மதினி கொல்லைப்புறமாகப் போய் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோழிக்கு என்ன சீக்கு, மூத்தவளுக்கு எப்போது பேறுகாலம் என்று ஆரம்பித்தால், எழுந்து வரும்போது பின்னால் மூட்டை வரும்.

வாங்கிவிட்டு வண்டியில் ஏறியதும் அவருடைய இன்னொரு வேலை தொடங்கும். எந்த வீட்டு மல்லியில் ஈரம் இருந்தது, யார் அடுத்த வாரம் கட்டாயம் விற்றாகவேண்டிய நிலையில் இருக்கிறார், யாரிடம் இப்போது கேட்காமல் விடுவது நல்லது, எல்லாம் அடுத்த ஊர் வருவதற்குள் சொல்லி முடிப்பார். அண்ணன் மறுத்துப் பேசுவார். நான் இடையில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வேன். “வண்டிக்குள்ள பேசுறதுதான் தம்பி யாவாரம். எறங்குன பெறகு பேசுறது வெறும் வெல” என்பார் மதினி. பிற்பாடு எத்தனையோ வியாபாரிகளோடு பழகியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தப் பக்கமெல்லாம் மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை கரிசல், கருவேலம், நடுநடுவே ஒரு கண்மாய். ஏற்றம் என்று ஒன்று இருந்தால் அது கண்மாய்க் கரைதான். லோடோடு கரையேறும்போது ரெண்டாவது கியர் போடவேண்டும். எங்கள் வண்டியில் ரெண்டாவது கியர் நிற்காது. போட்ட கொஞ்ச நேரத்தில் தானாகக் கழன்று நடுவில் வந்துவிடும், வண்டி பின்னால் உருளும். பல்லு தேய்ந்துவிட்டது, டீசல் எஞ்சின் உதைக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று பாய் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் வேறு வழி கண்டுபிடித்திருந்தோம். நான் “ரெண்டு” என்பேன். மதினி பேச்சை நிறுத்தாமலே வலது கையை நீட்டி அந்தக் கம்பியை மேலே தாங்கிப் பிடித்துக்கொள்வார். எனக்கு ரெண்டு கையும் ஸ்டீயரிங்குக்கு வேண்டும், கரை அவ்வளவு ஒடுக்கம். ஏறி முடித்ததும் “விட்டுருங்க” என்பேன். கை பழையபடி மடிக்குப் போய்விடும். “என் கை இல்லாட்டி ஒங்க வண்டி என்னைக்கோ கண்மாய்க்குள்ள குளிச்சிருக்கும் கொழுந்தனாரே” என்பார். உண்மையும் அதுதான். ரெண்டாவது கியர் பாதி பெட்டிக்குள் இருந்தது, பாதி அவர் கையில் இருந்தது.

மாசி மாசம், வத்தல் வரத்து ஏறுகிற சமயம். முழு லோடோடு ஒரு கரையில் ஏறும்போது உள்ளே கொட்டைப்பாக்கு உடைபடுகிற மாதிரி ஒரு சத்தம். மதினி கம்பியை இறுக்கிப் பிடித்துத்தான் இருந்தார். கம்பி நின்ற இடத்தில் நின்றது, வண்டிதான் நிற்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு சம்சாரி ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்ததால் தப்பித்தோம். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டோம். பாய் பெட்டியைக் கழற்றி எண்ணெயைச் சட்டியில் வடித்தார். எண்ணெயோடு ரெண்டு பல்லும் விழுந்தது.

பாய் சவுதியில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. எதைச் சொன்னாலும் கல்யாணத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். “கியரு பெட்டி மாத்துறது சம்பந்தம் பேசுற மாதிரி அண்ணாச்சி” என்று அண்ணனுக்கு விளக்கினார். “முன்னால எஞ்சினு, அது மாப்பிள்ளை. பின்னால ஆக்ஸிலு, அது மாமியா. ரெண்டுக்கும் நடுவுல ஒதை வாங்குறதுதான் பொட்டி. தாங்குற பிள்ளையாப் பாத்து எடுக்கணும்.” நாங்கள் சிரித்தோம்.

அவர் மூணு வழி சொன்னார். பழைய பெட்டி மாதிரியே இன்னொன்று தேடிப் போடலாம். மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும், அப்படியே உட்காரும், வெட்ட ஒட்ட வேண்டியதில்லை. இல்லையென்றால் ஜீப் பெட்டி. அதிலும் மூணு கியர்தான், ஆனால் கம்பி தரையில் நிற்கும். மூணாவது, சின்ன லாரி ஒன்றின் பெட்டி. நாலு கியர். சாமான் எங்கேயும் கிடைக்கும், பல்லு ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். அதற்காகப் பின்னால் போகிற தண்டை லேத்தில் கொடுத்து வெட்டிச் சுருக்கவேண்டும், எஞ்சினோடு சேர்க்க ஒரு தகடு செய்யவேண்டும், தரையில் ஒரு ஓட்டை போடவேண்டும்.

அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் பேச்சு. பட்டறைக்கு எதிர்த்த டீக்கடையில் நாங்கள் உட்கார்ந்தால் கருத்துச் சொல்ல ஆள் சேர்ந்துவிடும். கரிமூட்டை ஏற்றுகிற ஒரு லாரிக்காரர், நம்ம ஊரில் மலையா இருக்கிறது, எதற்கு நாலு கியர் என்றார். இன்னொருவர், மழை பெய்த மறுநாள் கரிசல் பாதையில் லோடோடு போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பேசு என்றார். ஜீப் பெட்டி ரெண்டாம் நாளே அடிபட்டுப்போனது, மூணு கியருக்கு மூணு கியர் மாற்றுவானேன் என்று. அண்ணன் இழுவையைப் பற்றிப் பேசினார். நான் ரெண்டு பக்கமும் பேசினேன், மனசு மட்டும் நாலு கியரில் இருந்தது. அந்த லாரிப் பெட்டியின் முதல் கியரைப் பற்றிப் பாய் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். “அதைப் போட்டு கிளச்ச விட்டுட்டு, எறங்கி வெத்தல வாங்கிப் போட்டுட்டு, நடந்து வந்து ஏறிக்கிடலாம் தம்பி.” வண்டி ஓட்டுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன சொல்லவேண்டும்.

அண்ணனும் நானும் பாயும் காரியாபட்டி வழியாக மதுரைக்கு பஸ் ஏறினோம். பழைய இரும்புக் கடையில் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார்கள். ரெண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, எங்கள் பழைய மூணு கியருக்கு அண்ணன் தம்பி ஒன்று, அந்த நாலு கியர் ஒன்று. பாய் முதலில் அடைப்பைத் திறந்து விரலை உள்ளே விட்டு எண்ணெயைத் தொட்டு மோந்தார். விரலைத் தேய்த்து வெயிலில் பார்த்தார், இரும்புத் தூள் மினுக்குகிறதா என்று. பிறகு தண்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகத் தள்ளிப் பார்த்தார். காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டார். பழைய மாதிரிப் பெட்டியும் நன்றாகத்தான் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. “இதுவும் நல்ல பொட்டிதான். ஆனா இது பெட்ரோலுக்குப் பொறந்தது அண்ணாச்சி. இன்னைக்கு நல்லா இருக்கும், எத்தனை நாளைக்குன்னு என்னைக் கேக்கப்புடாது.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அந்த நாலு கியரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். “பழசுக்குப் பழச மாத்தவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?” என்றார் அண்ணன். அவ்வளவுதான் தீர்மானம்.

அந்தப் பெட்டியைப் பற்றி இப்போதும் நான் ஒரு குறை சொல்லமாட்டேன். தொண்ணூறுகளில் அந்த வண்டியைக் கொடுக்கிற வரைக்கும் அதுதான் ஓடியது. ஒரு கரையிலும் கழன்றதில்லை. மூணு வழியில் அதுதான் சரியான வழி என்று இன்றைக்கும் எந்த மெக்கானிக்கும் சொல்லுவார். யோசிக்கும்போது எனக்கு வியப்பாக இருப்பது வேறு. எஞ்சினுக்கு அளந்தோம், தண்டுக்கு அளந்தோம், கயிறு பிடித்து, பலகை வைத்து, பாய் படுத்துக்கொண்டும் எழுந்து நின்றும் அளந்தார். ஓட்டுகிறவன் கைக்குக் கம்பி எட்டுமா என்று என்னை உட்காரவைத்து அளந்தார். ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்த அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்துதான் கையை நீட்டிக் காட்டினேன், ஆமாம் எட்டுகிறது என்று. வண்டி என்றால் எஞ்சினிலிருந்து சக்கரம் வரை என்று நினைத்திருந்தோம். அதற்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்த ஒழுங்கும் அந்த ஹேண்டில் கியரை நம்பித்தான் இருந்தது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

மதினிக்கு உறைத்துவிட்டது, கதவைத் திறந்த மாத்திரத்தில். வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டுப் போகத்தான் அன்றைக்கு வந்தார். வத்தல் வரத்தில் பத்து நாள் போய்விட்டது. கொல்லைப்புறத்துப் பெண்கள் எத்தனை நாள் ஒளித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்? ஒரு தடவை வேறு ஆளிடம் கொடுத்துப் பழகிவிட்டால் அந்த வீடு போனதுதான். வட்டம் இருந்தது அவர் கால் வைக்கிற இடத்தில். கம்பி மேலே வந்தால் அது அவர் ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் நிற்கும். ஒவ்வொரு கியருக்கும் என் கை அங்கே போகவேண்டும். அதை யார் வாய் திறந்து சொல்வது? அவர் சொல்லமாட்டார், நான் சொல்லமாட்டேன், அண்ணன் சொல்லவே மாட்டார். ஆகவே மதினி காலைப் பற்றி மட்டும் கேட்டார்.

பாய்க்குத்தான் முதலில் பேச்சு வந்தது. சவுதியில் பிக்கப் பார்த்தவர். அங்கே அவர் பார்த்த பிக்கப்பில் பெண்கள் உட்கார்ந்து அவர் கண்டதில்லை. கம்பியைக் காய்ச்சி டிரைவர் பக்கமாக வளைத்துக் கொடுத்துவிடலாம் என்றார்.

“எம்புட்டு வளைச்சாலும் ரெண்டாவது போடுறப்ப பின்னால தான வரும் பாய்” என்றார் மதினி. பாய் தலையைச் சொறிந்தார்.

அண்ணன் நடுவில் உட்காரட்டும், மதினி கதவோரம் வரட்டும் என்று நான் சொன்னேன். மதினி புருஷனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். “இவுக நடுவுல உக்காந்தா இவுக காலே அஞ்சாவது கியரு மாதிரி நிக்கும்.” பாய் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். அண்ணனும் சிரித்தார். சிரித்த வேகத்தில், பின்னால் சாக்கு மேல் ஜமுக்காளம் விரித்துத் தந்துவிடுவோம், காற்றாட வரலாம் என்று சொல்லிவிட்டார்.

மதினி சிரிக்கவில்லை.

“லோடு மேல ஏறிப் போயி எறங்குனா, நான் வாங்க வந்தவளா, விக்க வந்த சாமானா?”

அண்ணன் அடுத்துச் சொன்னதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். “அப்ப நீ வீட்டுல இருந்துக்க. நாங்க ரெண்டு பேரும் போயி வாங்கிட்டு வாரோம்.”

கேட்டதும் எனக்குத் தெரிந்தது, அது நடக்காத காரியம் என்று. அண்ணனுக்கும் தெரியும். எந்த ஊரில் எந்தக் கொல்லையில் எங்களை உள்ளே விடுவார்கள்? ஆனால் மதினிக்கு அது வியாபாரக் கணக்காகக் கேட்கவில்லை. பதினைந்து வருஷம் ஊர் ஊராகப் போய் அவர் உண்டாக்கிய ஒரு இடம், ஒரு மனுஷி வந்தால் இன்னார் வந்திருக்கிறார் என்று எழுந்து நிற்கிற வீடுகள், அத்தனையும் அந்த ஒரு சொல்லில் ‘வீட்டுல இருந்துக்க’ என்று ஆகிவிட்டது. முகம் ஒரு மாதிரி சிவந்தது. நான் பாயிடம், மதுரையில் அந்தப் பழைய பெட்டி இன்னும் கிடக்குமா என்று கேட்டேன். கிடக்கும், நாளைக்கே போய்த் தூக்கிவரலாம், அவர்களிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள் என்றார் பாய். அண்ணன் பார்வை அந்த நாலு கியர் பெட்டியின் மேல் இருந்தது. அதைத் துடைத்து, கருப்புப் பெயிண்டு அடித்து, சாக்கு விரித்து அதன் மேல் வைத்திருந்தார் பாய், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி.

மதினியும் அந்தப் பெட்டியைப் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்து கையால் தட்டிக்கூடப் பார்த்தார்.

“அந்தப் பழச மாட்டுனா மறுபடி கரையில கழலுமா பாய்?” என்றார்.

“இன்னைக்குக் கழலாது. ஒரு நா கழலும்க்கா.”

“கழன்டா நான் பிடிச்சுக்கிட்டு வரணும்.”

மதினி நிமிர்ந்து தன் வலது கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அந்த உள்ளங்கையில் கம்பியின் தலை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன ஒரு தடிப்பு இருந்தது. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

“வெட்டுங்க பாய்” என்றார். “நாலு கியரே இருக்கட்டும்.”

அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். மதினி கையமர்த்திவிட்டு அவரிடமே பேசினார், சத்தம் போடாமல், விலை முடிக்கிற குரலில். “நான் முன்னால பஸ்ஸுல போறேன். எந்த ஊருக்கு என்னைக்குன்னு நான் சொல்றேன். வாங்கி, கட்டி, ரோட்டு மேல வச்சிருப்பேன். நீங்களும் ஒங்க தம்பியும் ஒங்க நாலு கியரப் போட்டுக்கிட்டு வந்து தூக்கிட்டுப் போங்க. வெல பேசுறது நானு. ஏத்துறது நீங்க.”

“பஸ்ஸுல எப்படித்தா தெனம்...” என்றார் அண்ணன்.

“எனக்குக் காலு மடங்கும்ல” என்றார் மதினி.

தூரத்தில் டவுன் பக்கமிருந்து திருச்சுழி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. மதினி சீட்டிலிருந்த தன் பையை எடுத்துத் தோளில் போட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து ரோட்டில் இறங்கினார். நடு ரோட்டில் நின்று கையை நீட்டிப் பஸ்ஸை மறித்து, ஏறிப் போய்விட்டார்.